கொடுத்தது எவ்வளவு, ரத்தத்தில் ஏறியது எவ்வளவு?

போன இதழில் மருந்துத் துறை வேலைகளைப் பற்றி எழுதும்போது டாக்ஸிகோகைனெடிக்ஸ் என்ற வார்த்தையை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். பி.ஃபார்ம் மாணவர், கால்நடை மருத்துவம் படிப்பவர், ஒரு அம்மா, ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்திருக்கிறேன், அதனால் இந்த இதழ் பதில்கள் முழுக்க இதற்கே.

கேள்வி (பி.ஃபார்ம் கடைசி ஆண்டு மாணவர், திருநெல்வேலி): டாக்ஸிகோகைனெடிக்ஸ் என்றால் என்ன சார்? பார்மகோகைனெடிக்ஸ் பாடத்தில் படித்ததுதானே, அதற்கு ஏன் தனிப் பெயர், தனி வேலை?

பதில்: கணக்கு அதேதான், மருந்து ரத்தத்தில் ஏறி இறங்குவதை அளக்கும் கணக்கு. சிமேக்ஸ் (ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு), ஏயூசி (நேரப்போக்கில் ரத்தத்தில் இருந்த மொத்த அளவு), அரை ஆயுள் (அந்த அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) எல்லாம் நீங்கள் படித்தவைதான். வித்தியாசம் எந்த இடத்தில் நின்று அந்தக் கணக்கைப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

ஒரு புது மருந்து மனிதனுக்குப் போவதற்கு முன்னால் எலிக்கும், பெரும்பாலும் இன்னொரு பெரிய பிராணிக்கும், அதாவது நாய்க்கோ குரங்குக்கோ, தினமும் கொடுத்துப் பார்க்கிறார்கள். 14 நாள், 28 நாள், 13 வாரம், சில மருந்துகளுக்கு அதற்கும் மேல். வேண்டுமென்றே அதிக டோஸ் கொடுப்பார்கள், எந்த உறுப்பு முதலில் கெடுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா. முடிவில் பேதாலஜிஸ்ட் ஈரலையும் சிறுநீரகத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இந்த டோஸில் பாதிப்பு இருக்கிறது, இந்த டோஸில் இல்லை என்று சொல்வார். பாதிப்பு தெரியாத அந்த அதிகபட்ச டோஸுக்குத்தான் நோஏஎல் என்று பெயர்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாய் வழியாகக் கொடுத்ததெல்லாம் ரத்தத்துக்குப் போய்விடும் என்று யார் சொன்னது? ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்த அளவும் 1000 மில்லிகிராம் கொடுத்தபோது இருந்த அளவும் ஒன்றாகவே இருக்கலாம். மருந்து கரையவில்லை, குடல் வழியாக அப்படியே வெளியே போய்விட்டது. அப்போது ‘1000 வரை பாதுகாப்பானது’ என்று ரிப்போர்ட்டில் எழுதினால் அது பொய், எழுதியவர் தெரிந்து சொன்ன பொய் இல்லை என்றாலும் பொய்தான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டோஸை மூன்று மடங்கு ஏற்றினால் ஏயூசி பத்து மடங்கு ஏறும், காரணம் மருந்தை உடைக்கிற ஈரல் நொதிகள் ஒரு அளவுக்கு மேல் ஈடுகொடுக்க முடியாமல் நிரம்பிப்போகும். அப்புறம் 28 நாள் தினமும் கொடுக்கும்போது முதல் நாள் இருந்த அளவு கடைசி நாளில் இருக்காது. சேர்ந்துகொண்டே போகலாம், அல்லது உடம்பு அந்த மருந்தை உடைக்கப் பழகி நொதிகளை அதிகம் சுரந்து அளவு பாதியாகக் குறைந்திருக்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட வித்தியாசம் வரும், எலிகளில் அது நிறையவே வரும்.

இத்தனையையும் பிடிக்கிற வேலைதான் டாக்ஸிகோகைனெடிக்ஸ், நாங்கள் டிகே என்று சுருக்கிச் சொல்வோம். பல நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளும் மருந்துத் துறையும் சேர்ந்து பொது விதிகள் வகுக்கும் ஐசிஎச் அமைப்பின் எஸ்3ஏ வழிகாட்டி, 1994இல் வந்தது, அதுதான் இந்தத் துறைக்கு அடிப்படை, சில பக்கங்கள்தான், இன்று இரவே படித்துவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், என் சீனியர் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: “கொடுத்தது எவ்வளவுன்னு எழுதியிருக்க, சரி. ஏறினது எவ்வளவு?” எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்): பி.வி.எஸ்சி. முடித்தால் அரசு வேலை, இல்லையென்றால் கோழிப்பண்ணை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மருந்து ஆராய்ச்சியில் எங்களுக்கு இடம் உண்டா?

பதில்: இடம் உண்டு என்பதோடு நிற்காது, இந்தத் துறை உங்களைத் தேடுகிறது. பிராணிகளின் உடல்நலத்துக்குப் பொறுப்பாக ஒரு கால்நடை மருத்துவர் இல்லாமல் எந்த ஆய்வுக்கூடமும் நடக்க முடியாது. பேதாலஜியில் எம்.வி.எஸ்சி. செய்து டாக்ஸிகாலஜிக் பேதாலஜி பக்கம் வந்தவர்கள் எப்போதுமே போதாது, நல்ல பேதாலஜிஸ்ட் ஒருவர் விலகினால் ஆறு மாதம் ஒரு வருஷம் ஆள் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். மருந்தியல், நச்சியல் பிரிவில் எம்.வி.எஸ்சி. செய்தாலும் ஸ்டடி டைரக்டர், அதாவது ஒரு ஆய்வுக்கு முழுப் பொறுப்பாளர், ஆகும் பாதை இருக்கிறது.

உங்களுக்கு இன்னொரு அனுகூலம் உண்டு, ஒரு பிராணிக்கு ஆகிற மருந்து இன்னொன்றுக்கு ஆகாது என்பது கால்நடை மருத்துவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூனைக்குப் பாரசிட்டமால் ஆகாது, கினிப் பன்றிக்குப் பென்சிலின் ஆகாது. கழுகுக் கதையை வகுப்பில் கேட்டிருப்பீர்கள்: மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2004இல் காரணம் வெளியே தெரிந்தது, 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பிறகு நடந்ததுதான் டிகே ஆட்கள் கவனிக்க வேண்டியது. டைக்ளோஃபெனாக்குக்குப் பதிலாக அசிக்ளோஃபெனாக் புழக்கத்தில் இருந்தது, பெயர் வேறு, டப்பா வேறு. மாட்டுக்கு அதை ஊசி போட்டு ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், உள்ளே போன அசிக்ளோஃபெனாக் சீக்கிரமே டைக்ளோஃபெனாக்காக மாறிக்கொண்டிருந்தது. அதாவது தடை செய்த விஷம் இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. 2023இல் அசிக்ளோஃபெனாக்கையும், கழுகுக்கு ஆகாத இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். அசிக்ளோஃபெனாக் விஷயத்தில், மாட்டு ரத்தத்தில் சில மணி நேர இடைவெளியில் எடுத்த சாம்பிள்கள் காட்டிக்கொடுத்த உண்மை அது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று மிச்சமிருக்கும் பாறுக் கழுகுகளுக்கு அந்தச் சாம்பிள்கள் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். இந்த வேலை மனித மருந்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்): எலிக்கு ஒத்துக்கொண்டது மனிதனுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? முதல் மனிதனுக்குக் கொடுக்கும் டோஸை யார் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: ஐயா, எலியைப் பார்த்து ‘ஒத்துக்கொள்ளும்’ என்று யாரும் முடிவு செய்வதில்லை, செய்யவும் கூடாது. எங்கிருந்து தொடங்கலாம் என்று மட்டும் கணக்குப் போடுகிறோம். பழைய முறை இது: எலியில் நோஏஎல் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் பரப்பளவு வித்தியாசத்துக்காக அதை 6.2ஆல் வகுத்தால் சுமார் 8 வரும், அதை இன்னொரு பத்தால் வகுத்தால் 0.8. அறுபது கிலோ ஆளுக்கு 48 மில்லிகிராம். இது உச்சவரம்புதான், பெரும்பாலும் அதற்கும் கீழேதான் ஆரம்பிப்பார்கள். கூடவே, எலிக்குப் பாதிப்பு வராதபோது ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, மனிதனில் அந்த அளவு எப்போது வரும் என்று பார்ப்போம். டோஸை டோஸோடு ஒப்பிடுவதைவிட ரத்த அளவை ரத்த அளவோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது.

ஆனால் இந்தக் கணக்கு கைவிட்ட நாளும் உண்டு. 2006 மார்ச் 13, லண்டனில் நார்த்விக் பார்க். டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். குரங்குக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை, மனிதனுக்குக் கொடுத்தது அதில் ஐந்நூறில் ஒரு பங்கு, 0.1 மில்லிகிராம். சில மணி நேரத்தில் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. ஆறு பேரும் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் சிடி28 என்ற கொக்கி, மனிதனின் குறிப்பிட்ட வகை டி செல்களில் இருக்கிறது, குரங்கின் அதே வகை செல்களில் இல்லை என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட மருந்துகளுக்கு, பாதிப்பு தெரியாத டோஸிலிருந்து கீழே இறங்குவதை விட்டுவிட்டு, உடம்பில் மிகச் சிறிய அசைவு தெரியும் அளவு எது என்று கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஆறு பேருக்கும் ஒரே காலையில் ஏற்றாமல் முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்தத் துறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் அந்த ஆறு பேரின் கதையைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (எம்.எஸ்சி. வேதியியல், காரைக்குடி): எலியைத் தொடவே எனக்குப் பயம். கருவிகள் பிடிக்கும். எனக்கு இதில் வழி இருக்கிறதா?

பதில்: பாதி டிகே உங்கள் பக்கம்தான் நடக்கிறது. எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசரில் போய், அங்கிருந்து பயோஅனலிட்டிகல் லேபுக்கு வரும். எல்சி-எம்எஸ்-எம்எஸ் கருவியில் ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் மருந்தை அளப்பது அங்கே வேலை. பெரிய புரத மருந்து என்றால் எலைசா மாதிரியான முறைகள்.

கருவியை ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்து வந்துவிடாதீர்கள், பட்டனை அழுத்த மூன்று மாதத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள். முறையை வேலிடேட் செய்யத் தெரிய வேண்டும், அதாவது அது நம்பகமாக அளக்கிறது என்று நிரூபிக்கத் தெரிய வேண்டும். 2022இல் இறுதியான ஐசிஎச் எம்10ஐ எடுத்து ஒவ்வொரு விதிக்கும் ஏன் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். தெரிந்த அளவு மருந்து கலந்த கேலிப்ரேஷன் புள்ளிகள் ஏன் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் வர வேண்டும், மிகக் குறைந்த அளவுக்கு மட்டும் ஏன் 20 வரை விடுகிறார்கள்? பிராணியிடமிருந்து வந்த நிஜ சாம்பிளையே எடுத்து இன்னொரு நாள் திரும்ப ஓட்டிப் பார்ப்பது எதற்கு, நாமே மருந்தைக் கலந்து தயாரித்த சாம்பிள்கள் சரியாக வந்தால் போதாதா? போதாது. நிஜ சாம்பிளில் மருந்தின் மெட்டபோலைட்டுகள், அதாவது உடம்பு மருந்தை மாற்றி உண்டாக்கிய பொருள்கள், இருக்கும், சில மெட்டபோலைட்டுகள் குழாயில் இருக்கும்போதே பழையபடி மருந்தாக மாறிவிடும். நீங்கள் கலந்து வைத்ததில் அது தெரியவே தெரியாது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்துவிட்டால் அளவு மாறுமா என்று இன்டர்வியூவில் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லுங்கள், நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், நான்கு பேரில் ஒருவர் யோசித்துப் பதில் சொன்னாலே சந்தோஷப்படுவேன்.

ஒரு முறையாவது பிராணிக் கூடத்துக்குப் போய் ரத்தம் எடுப்பதைப் பாருங்கள். பயம் போவதற்காகச் சொல்லவில்லை. 250 கிராம் எலியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 16 மில்லிலிட்டர், சுண்டெலியில் இரண்டு மில்லிலிட்டர்கூடக் கிடையாது. ‘சாம்பிள் போதவில்லை, இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள்’ என்று மெயில் அனுப்புவதற்கு முன்னால் அது நினைவுக்கு வர வேண்டும்.

கேள்வி (ஒரு அம்மா, சேலம்): என் மகள் எம்.ஃபார்ம் பார்மகாலஜி முடித்துவிட்டு விலங்கு ஆய்வுக்கூடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். வாயில்லா ஜீவன்களைக் கொல்கிற வேலை. மனம் ஒப்பவில்லை. அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் சங்கடம் நியாயமானது, அதைத் துடைத்துப்போட நான் முயற்சி செய்யப் போவதில்லை. பெரும்பாலான ஆய்வுகளில் கடைசி நாள் பிராணிகளை வலியில்லாமல் உயிர் போக்கித்தான் உறுப்புகளைப் பார்க்கிறோம். இதை அவளிடம் யாரும் மறைக்கக் கூடாது, முதல் இன்டர்வியூவிலேயே அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இனிப்புத் திரவமாக விற்றார்கள். கரைப்பதற்கு டைஎதிலீன் கிளைக்காலைச் சேர்த்தார்கள், அது சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை, அப்போது அப்படிப் பார்க்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பலர் சின்னக் குழந்தைகள். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. நாம் இன்று குழந்தைக்குக் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் பிராணிகள் இருக்கின்றன.

இந்தியாவில் கணக்கில்லாமல் செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மத்தியக் குழு இருக்கிறது, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்கிறது. எத்தனை பிராணி, ஏன் இந்த எண்ணிக்கை, வேறு வழி இல்லையா என்று கேட்டு அனுமதி கொடுத்த பிறகுதான் ஆய்வு. மாற்று, குறைப்பு, மேம்படுத்தல் என்ற மூன்று கொள்கைகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1959இல் முன்வைத்தார்கள், இன்று உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். உங்கள் மகள் போகிற டிகே பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. முன்பெல்லாம் ரத்தம் எடுப்பதற்கென்றே தனியாக ஒரு கூட்டம் எலிகளை வைப்போம், பிரதான எலிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக. இப்போது ஒரு தடவைக்கு 50 மைக்ரோலிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சொட்டு எடுத்தாலே அளக்க முடிகிறது, 2017இல் ஐசிஎச்சும் அதை ஏற்று வழிகாட்டி கொடுத்துவிட்டது. முக்கியமாகச் சுண்டெலி ஆய்வுகளில் அந்தக் கூடுதல் கூட்டத்தின் எண்ணிக்கை நன்றாகவே குறைகிறது. பெங்களூரில் ஆய்வு முடிந்த பீகிள் நாய்களை வீடுகளுக்குத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எலியைக் கையில் பிடிக்கும்போது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று. தோன்றுகிறது, ஆனாலும் செய்கிறேன் என்று சொன்னால் தைரியமாக அனுப்புங்கள். பிராணியின் மேல் அக்கறை இருப்பவர்கள்தான் எங்களுக்கு வேண்டும், அவர்கள் கையில் பிராணி பதறுவதில்லை, பதறாத பிராணியின் டேட்டாதான் சரியாகவும் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு முடியவில்லை என்று திரும்பி வந்தாலும் வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி (பயோஅனலிட்டிகல் லேபில் ஐந்து வருஷ அனுபவம், ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் வாசகர்): தினமும் சாம்பிள் ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது. டிகே பக்கம் மாற என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களிடம் பாதி மூட்டை ஏற்கெனவே இருக்கிறது. ஃபீனிக்ஸ் வின்நான்லின் மென்பொருளை உங்கள் நிறுவனம் வைத்திருந்தால் ரத்த அளவுகளிலிருந்து ஏயூசி, அரை ஆயுள் எடுக்கும் நான்-கம்பார்ட்மென்டல் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆர் மொழியில் இலவசமாகவே செய்து பழகலாம், அதற்கும் முன்னால் ஏயூசியைப் பேப்பரில் கையால் நான்கைந்து தடவை போட்டுப் பாருங்கள். மென்பொருள் கொடுக்கிற அரை ஆயுளை நம்பலாமா கூடாதா என்று கிராஃப் கோட்டைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும்.

அதைவிட முக்கியம், முழு ஆய்வையும் ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பது. உங்கள் கைக்கு வரும் டியூபில் ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது. அந்த எலியின் எடை குறைந்ததா, அன்றைக்கு வாந்தி எடுத்த நாயா, டோஸ் கலவையில் மருந்து சரியான அளவு இருந்ததா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. ஸ்டடி டைரக்டரிடம் போய், ஒரு ஆய்வில் டிகே பகுதியின் முதல் வரைவை நான் எழுதட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்கிற ஸ்டடி டைரக்டரை நான் பார்த்ததில்லை, அவர்களுக்கு வேலைப்பளு அவ்வளவு. எண்களைப் பட்டியல் போட்டு நிறுத்திவிடாமல், ‘அதிக டோஸில் பெண் எலிகளில் ஏயூசி இரண்டு மடங்கு, ஈரல் பாதிப்பும் பெண் எலிகளில்தான் அதிகம்’ என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் காட்டுங்கள், உங்களை அப்புறம் அந்த லேபில் விட்டுவைக்காமல் டிகே பக்கம் இழுத்துக்கொள்வார்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவுக்குப் போகும் ஆய்வுகளின் டேட்டாவை சென்ட் என்ற வடிவத்தில் தர வேண்டும், அது தெரிந்தவர்களுக்கும் நல்ல கிராக்கி. சில வருஷம் போன பிறகு அமெரிக்க நச்சியல் வாரியத்தின் டிஏபிடி தேர்வு எழுதுங்கள், கடினமானதுதான், ஆனால் வெளிநாட்டில் உங்கள் பெயரைப் படிப்பதற்கு முன்பே அந்த நான்கு எழுத்தைப் படிப்பார்கள்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்): எங்கள் லேபில் ஒரு ஆய்வில் மருந்தே கொடுக்காத கன்ட்ரோல் எலியின் ரத்தத்தில் மருந்து தெரிகிறது. மேலே சொன்னால் ‘கன்டாமினேஷன் என்று போட்டு முடி’ என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முடிக்காதீர்கள். இது எங்கும் நடக்கிற விஷயம்தான், நடந்ததில் உங்களுக்கு அவமானம் ஒன்றும் இல்லை, ஆனால் காரணம் தெரியாமல் பெயர் வைத்து மூடக் கூடாது. ரத்தம் எடுத்த பிறகு டியூபிலோ லேபிலோ மருந்து ஒட்டிக்கொண்டதா, அல்லது அந்த எலியே மருந்தைத் தின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி, இரண்டுக்கும் அர்த்தம் வேறு. எலியே தின்றிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கூட்டமே போய்விட்டது. அதே சாம்பிளைத் திரும்ப ஓட்டுங்கள். மெட்டபோலைட் இருக்கிறதா என்று பாருங்கள்: எலியின் உடம்புக்குள் போயிருந்தால் மெட்டபோலைட்டும் தெரிய வாய்ப்பு அதிகம், டியூபில் ஒட்டியது என்றால் மருந்து மட்டும்தான் இருக்கும். டோஸ் கொடுத்த வரிசை, கூண்டு மாற்றிய நாள், யார் எந்த ஊசியைப் பிடித்தார் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது, எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பக்கத்து ரேக்கில் இருந்த இரண்டு டியூபுகள் மாறியிருந்தன, கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை, ஆய்வு தாமதமாகிறது என்ற கோபம். முடிவில் ரிப்போர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினோம். ஜிஎல்பி (நல்ல ஆய்வுக்கூட நடைமுறை) விதிப்படி ஆய்வுக்குப் பொறுப்பு ஸ்டடி டைரக்டர்தான், உங்கள் மேலதிகாரி இல்லை. அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள், க்யூஏ (தர உறுதி) பிரிவுக்கும் எழுதுங்கள், க்யூஏ ஆய்வு நடத்துபவர்களுக்குக் கட்டுப்படாமல் நிற்பதற்கென்றே இருக்கிற பிரிவு. அசல் டேட்டாவில் ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீர்கள். அப்படியும் அழிக்கச் சொல்லி வற்புறுத்தினால் வேறு வேலை தேடுங்கள், உங்களுக்கு வேலை கிடைக்கும். அந்த ரிப்போர்ட்டை நம்பி ஒரு வாலன்டியர் கையை நீட்டப் போகிறார்.

கேள்வி (பல வாசகர்கள்): விலங்குப் பரிசோதனையையே நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. இதை நம்பி வரலாமா?

பதில்: செய்தி உண்மைதான். விலங்குப் பரிசோதனை கட்டாயம் என்று 1938இலிருந்து இருந்த நிலையை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் போட்டு மாற்றியது. இந்தியாவும் 2019ஆம் ஆண்டு புதிய மருந்து விதிகளை 2023இல் திருத்தி, செல், ஆர்கன்-சிப், கம்ப்யூட்டர் முறைகளுக்கு இடம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் எஃப்டிஏ, ஆன்டிபாடி மருந்துகளில் ஆரம்பித்துப் படிப்படியாக விலங்குகளைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. எனக்கு இதில் மனதார சந்தோஷம்.

வேலை போகுமா? பிராணிக் கூடத்தை மட்டும் நம்பியவர்களுக்கு அடுத்த பத்து இருபது வருஷத்தில் சிரமம் வரலாம். டிகே ஆளுக்கு வேலை கூடும் என்றுதான் நினைக்கிறேன். சிப்பில் வளர்க்கிற ஈரல் செல்லுக்கு எவ்வளவு மருந்து ஊற்ற வேண்டும்? மனிதனின் ரத்தத்தில் எவ்வளவு வருமோ அதை ஒட்டித்தான். அந்த அளவை, உடலின் உறுப்புகளையும் ரத்த ஓட்டத்தையும் கம்ப்யூட்டரில் கணக்காகப் போடும் பிபிபிகே மாடலில் முன்கூட்டியே கணக்கிடுவது யார்? நாம்தான். ஆகவே இன்று சேர்கிற பிள்ளைகள் கணிதத்தையும் கொஞ்சம் புரோகிராமிங்கையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (எம்.ஃபார்ம் சேர விரும்பும் மாணவி, விருதுநகர்): எங்கே படிக்கலாம், எங்கே வேலை கிடைக்கும், சம்பளம் எப்படி?

பதில்: பி.ஃபார்ம் முடித்ததும் எம்.ஃபார்முக்கான தகுதித் தேர்வான ஜிபேட் எழுதுங்கள், அது இருந்தால் எம்.ஃபார்ம் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, மத்திய அரசின் மருந்துக் கல்வி நிறுவனங்களான நைபர் நுழைவுத் தேர்வுக்கும் அதுதான் வாசல். மொஹாலி நைபரில் மருந்தியலும் நச்சியலும் சேர்ந்த துறை பழையது, நல்லது. ஊட்டி ஜேஎஸ்எஸ், கோவை பிஎஸ்ஜி, சென்னை மருத்துவக் கல்லூரியின் பார்மசி பிரிவு என்று நம் பக்கத்திலும் படிக்கலாம். ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்றால் லக்னோவில் நச்சியல் ஆய்வு நிறுவனமான ஐஐடிஆர், மருந்து ஆய்வு நிறுவனமான சிடிஆர்ஐ இரண்டும் இருக்கின்றன.

வேலைக்கு, சென்னை அருகே படப்பையில் ஐஐபேட் இருக்கிறது, பூச்சிமருந்து நச்சியலில் பேர் பெற்ற இடம். பெங்களூரில் சின்ஜீன், யூரோஃபின்ஸ் அட்வினஸ், ஹைதராபாத்தில் ஆராஜென், விம்டா, குஜராத்தில் ஜய் ரிசர்ச் ஃபவுண்டேஷன், சைடஸ். எங்கே போனாலும் ஜிஎல்பி சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், இந்தியா 2011இலிருந்து ஓஈசிடி என்ற நாடுகள் கூட்டமைப்பின், ஆய்வு முடிவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாட்டில் முழு உறுப்பினர் என்பதால் அந்தச் சான்றிதழ் உள்ள இடத்தில் செய்த ஆய்வை வெளிநாட்டிலும் ஏற்கிறார்கள், அங்கே பெற்ற அனுபவத்துக்கும் அதே மதிப்புதான். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், ஐடி நண்பர்களோடு ஒப்பிட்டால் முதல் நான்கு வருஷம் மனம் கசக்கும். ஸ்டடி டைரக்டர் ஆன பிறகு நிலைமை மாறும். ‘மூன்று மாதத்தில் டாக்ஸிகாலஜி சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம்’ என்று பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கேள்வி (பிளஸ் டூ முடித்தவர், ஒரகடம்): பிராணிக் கூடத்தில் உதவியாளராகச் சேரக் கூப்பிடுகிறார்கள். இது எதிர்காலம் உள்ள வேலையா?

பதில்: சேருங்கள் தம்பி. நான் மேலே சொன்ன அத்தனை கணக்கும், அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, எட்டு, இருபத்துநான்கு மணி என்று சரியான நேரத்தில் ரத்தம் எடுத்த ஒரு கையை நம்பித்தான் இருக்கிறது. எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லித்தந்தவர் பத்தாவது வரை படித்த ஒரு டெக்னீஷியன், அவர் கையில் எலி தூங்குவது மாதிரி கிடக்கும். வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்சி. விலங்கியல் தொலைதூரக் கல்வியில் சேர்ந்துவிடுங்கள், உங்கள் நிறுவனத்தில் டெக்னீஷியனுக்கு மேல் என்ன பதவி இருக்கிறது, அதற்கு என்ன படிப்பு கேட்கிறார்கள் என்று சேரும் அன்றே எச்.ஆரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, 2.00 மணிக்கு எடுக்க வேண்டியதை 2.07க்கு எடுத்தால் 2.07 என்றே எழுதுங்கள். அதை வைத்து நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம்.